அம்பத்தூரில் ஆள் எடுத்த கதை

பாடியிலிருந்து ஆவடிக்குப் போகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் போதும், இந்தப் பக்கத்துத் தொழில் வரலாற்றைக் கண்டக்டரே சொல்லிக்கொண்டு வருவார். லூகாஸ், பிரிட்டானியா, டி.ஐ. சைக்கிள், டன்லப், ஸ்டெட்ஃபோர்ட் எல்லாமே ஸ்டாப்பிங் பெயர்கள். டன்லப்பில் டயர் செய்வது நின்று பல வருஷம் ஆகிறது; “டன்லப் எறங்கு” என்ற குரல் நிற்கவில்லை. ஸ்டெட்ஃபோர்ட் என்பது ஆஸ்பத்திரி. சைக்கிள் கம்பெனிக்குக் கூட்டாளியாக இருந்த இங்கிலாந்து டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸின் தலைவர் சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்ட் பெயரில் முருகப்பா குழுமத்தார் 1966இல் கட்டியது. அந்த வெள்ளைக்காரர் யார் என்றே தெரியாமல் அம்பத்தூரில் மூன்று தலைமுறை அங்கே பிறந்துவிட்டது. 1974இல் நானும் அங்கேதான் பிறந்தேன்.

எங்கள் நைனா பாடிப் பக்கம் ஒரு பெரிய தொழிற்சாலையில் ஃபிட்டர். நான் 24 வருஷம் ஒரு பெரிய சாஃப்ட்வேர் ஆலோசனை நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு 2022இல் வெளியே வந்தேன். அதில் பாதிக்கு மேல், இன்டர்வியூ மேசையில் கேள்வி கேட்கிற பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். கம்பெனிகளின் கதையை, முதலாளிகளின் கதையை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரு ஊர் தன் பிள்ளைகளை எதைப் பார்த்து வேலைக்கு எடுத்தது, எதைப் பார்த்துத் திருப்பி அனுப்பியது என்ற கதையை நான் படித்ததில்லை. அதனால் எனக்குத் தெரிந்த அளவில் நானே எழுதுகிறேன்.

*

முதலில் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை இந்த வழியாகத்தான் போகிறது. பாதைக்கு இருபுறமும் ஏரி, வயல், மேட்டு நிலம். இரண்டாம் உலகப் போரின்போது ஆவடியில் ராணுவக் கிடங்குகள் வந்தன. 1949இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் வந்தது. 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, சோஷலிச பாணிச் சமுதாயம்தான் இந்தியாவின் குறிக்கோள் என்று தீர்மானம் போட்டது. மாநாட்டுக்குத் தலைவர் தேபர். மாநில முதல்வர் காமராஜர். அதே வருஷம் அக்டோபரில் பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலையை நேரு திறந்துவைத்தார்.

அதன் பிறகு பத்து வருஷத்தில் ஊர் மாறிவிட்டது. பாடியில் 1960இல் வீல்ஸ் இந்தியா, 1961இல் லூகாஸ் டி.வி.எஸ்., 1962இல் சுந்தரம் கிளேட்டன். ஆவடியில் டாங்கி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை. அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி 1965 கடைசியில் வெளியே வந்தது. நடுவில் 1964இல் அம்பத்தூர் எஸ்டேட். ஆயிரம் ஏக்கருக்கு மேல் நிலம் எடுத்து, சாலை போட்டு, மனை பிரித்து, சின்ன முதலாளிகளுக்கு அரசாங்கம் கொடுத்தது.

பெரிய தொழிற்சாலைக்கும் எஸ்டேட்டுக்கும் இருந்த உறவைப் புரிந்துகொண்டால்தான் பிறகு வருகிற கதை புரியும். பெரிய கம்பெனி ஸ்டார்ட்டர் மோட்டார் செய்யும். அதற்குள் போகும் புஷ், பின், வாஷர் எல்லாவற்றையும் தானே செய்யாது. எஸ்டேட்டில் ஒரு ஷெட்டில் நாலு லேத்து, ஒரு டிரில்லிங் மெஷின் வைத்திருப்பவரிடம் டிராயிங்கைக் கொடுக்கும். சில சமயம் இரும்பையும் அவர்களே கொடுப்பார்கள். செய்து கொடுத்தால் பீஸுக்கு இத்தனை பைசா. இதற்கு எஸ்டேட்டில் ‘ஜாப் ஒர்க்’ என்று பெயர். ஆர்டர் வந்தால் ராத்திரியெல்லாம் லேத்து ஓடும். வராவிட்டால் ஷெட்டின் ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். ஊரின் பழைய பகுதியை அம்பத்தூர் ஓ.டி. என்பார்கள், ‘ஓல்டு டவுன்’ என்பதன் சுருக்கம். நைனாவின் கூட்டாளிகளோ அதை ‘ஓவர்டைம்’ என்றுதான் சொல்வார்கள்.

*

நைனா திருவள்ளூருக்கு அந்தப் பக்கத்துக் கிராமம். 1966இல் பட்டரவாக்கத்தில் ரயிலை விட்டு இறங்கியபோது அவருக்கு வயது இருபது. கையில் ஐ.டி.ஐ. சர்டிஃபிகேட்.

அந்தக் காலத்தில் தொழிற்சாலைக்குள் நுழைய நாலு வழி இருந்தது. முதலாவது, கேட். காலை ஷிப்டுக்குச் சங்கு ஊதுவதற்கு முன்னால் கேட்டுக்கு வெளியே போய் நிற்க வேண்டும். ஆள் குறைந்தால் உள்ளே கூப்பிடுவார்கள். இரண்டாவது, எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்ச். காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று 1959இல் சட்டம் வந்திருந்தது. மூன்றாவது, அப்ரண்டிஸ். 1961ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி பெரிய தொழிற்சாலைகள் பயிற்சிக்கு ஆள் எடுக்க வேண்டும். அப்படி உள்ளே போனவர்களில் சிலர் அப்படியே பெர்மனென்ட் ஆவார்கள். நாலாவது எல்லாருக்கும் தெரிந்தது, சிபாரிசு.

எந்த வழியில் போனாலும் கடைசியில் ட்ரேட் டெஸ்ட் உண்டு. நைனா அதை எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். சொல்லும்போது கை தானாக அசையும். இரண்டு இரும்புத் துண்டு கொடுப்பார்கள். ஒரு வைஸ், ஆக்ஸா பிளேடு, இரண்டு மூன்று அரம், ட்ரை ஸ்கொயர், வெர்னியர். ஒரு துண்டில் புறாவின் வால் மாதிரிப் பள்ளம் வெட்ட வேண்டும், இன்னொன்றில் அதற்குள் போய் உட்காரும் மேடு. டவ்டெயில் என்பார்கள். மெஷின் கிடையாது, முழுக்க அரம்தான். காலையில் தொடங்கினால் சாப்பாட்டு மணிக்குப் பிறகும் போகும். அவசரப்பட்டு ஒரு இழுப்பு அதிகமாக இழுத்தால் அவ்வளவுதான். அரத்தால் இரும்பைத் தேய்க்கலாம், தேய்ந்ததைத் திரும்ப வளர்க்க முடியாது.

முடிந்ததும் ஃபோர்மேன் வருவார். பேச்சே இருக்காது. இரண்டு துண்டையும் ஒன்றுக்குள் ஒன்று நகர்த்திச் சேர்ப்பார். ஜன்னல் பக்கம் திரும்பி, சேர்ந்த இடத்தைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் ஆள் வீட்டுக்குப் போகலாம். “எனக்கு ஒரு மூலையில நூல் கணக்கா தெரிஞ்சுது. அந்தாளு என் மூஞ்சிய பாத்தாரு, கைய பாத்தாரு. நாளைக்கு வான்னுட்டாரு” என்பார் நைனா. அந்த ஃபோர்மேன் அவரிடம் பேசிய முதல் வார்த்தையே அதுதானாம்.

இதைச் சொல்லிப் பழைய காலத்துக்குக் கோயில் கட்ட நான் வரவில்லை. ஃபோர்மேனுக்கு முன்னால் போய் நிற்பதற்கே சிபாரிசு தேவைப்பட்ட இடங்கள் இருந்தன. சிபாரிசு சாதிக்குள்ளேயும் ஊருக்குள்ளேயும்தான் ஓடும். பெண்களுக்கு அந்தக் கேட் கிட்டத்தட்ட மூடியே இருந்தது. ராத்திரி 7 மணிக்கு மேல் காலை 6 மணி வரை தொழிற்சாலையில் பெண்ணை வேலை வாங்கக் கூடாது என்று 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. மூன்று ஷிப்டு ஓடுகிற கம்பெனியில் ஒரு ஷிப்டுக்கு மட்டும் வருகிற ஆளை யார் எடுப்பார்கள்? அந்தப் பிரிவு செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2000 டிசம்பரில்தான். அதற்குள் நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

ஆனாலும் அந்தச் சோதனையில் ஒரு நேர்மை இருந்தது. வெளிச்சம் ஃபோர்மேனுக்கும் தெரியும், வேலை கேட்டு வந்தவனுக்கும் தெரியும். ஏன் எடுத்தார்கள், ஏன் எடுக்கவில்லை என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

*

நான் ஸ்கூல் முடித்தபோது எங்கள் தெருவில் யாரும் தொழிற்சாலை வேலையைப் பற்றிப் பேசவில்லை. ஓ.டி.யில் டீக்கடைக்கு மேல், ஜவுளிக்கடைக்கு மேல் எல்லாம் கம்ப்யூட்டர் சென்டர்கள் முளைத்திருந்தன. என்.ஐ.ஐ.டி., ஆப்டெக், எஸ்.எஸ்.ஐ. என்ற பெயர்ப் பலகைகள் ஊருக்கு ஊர் வந்துகொண்டிருந்தன. செருப்பை வெளியே விட்டுவிட்டு ஏ.சி. அறைக்குள் போக வேண்டும். மூன்று பேருக்கு ஒரு மானிட்டர்.

இந்தத் தொழில் வேறெங்கோ தொடங்கி எங்களிடம் தாமதமாக வந்து சேர்ந்தது. டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் 1968இல் பம்பாயில் தொடங்கியது. அதை வளர்த்தவர் எஃப்.சி. கோலி. திருச்செந்தூர்ப் பக்கம் பிறந்த சிவ் நாடார் 1976இல் டெல்லியில் எச்.சி.எல்.லைத் தொடங்கினார். 1994இல் சென்னையிலேயே காக்னிசன்ட் பிறந்தது, அப்போது அதற்குப் பெயர் வேறு. 1997இல் தமிழ்நாடு தனக்கென்று ஒரு தகவல் தொழில்நுட்பக் கொள்கையை வெளியிட்டது. 2000 ஜூலையில் தரமணியில் டைடல் பார்க்கை வாஜ்பாய் திறந்துவைத்தார்.

ஆனால் எங்களைப் போன்றவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது கொள்கையோ கட்டடமோ இல்லை. பழைய புரோகிராம்களில் இருந்த ஒரு சிக்கனம்தான். அமெரிக்க வங்கிகளும் இன்சூரன்ஸ் கம்பெனிகளும் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் ‘கோபால்’ (COBOL) மொழியில் எழுதிவைத்த புரோகிராம்களில் வருஷத்துக்கு இரண்டே இலக்கம் ஒதுக்கியிருந்தார்கள். கம்ப்யூட்டரில் இடம் அவ்வளவு விலை. 1974 என்பதை 74 என்று போடுவார்கள். 2000 வந்தால் 00. மெஷின் அதை 1900 என்று எடுத்துக்கொண்டால் வட்டிக் கணக்கு, வயசுக் கணக்கு, பாலிசி முதிர்வு எல்லாம் தலைகீழாகிவிடும். கோடிக்கணக்கான வரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்த வேண்டும். நாள் நெருங்குகிறது. அதற்கு ஆள் வேண்டும், அதுவும் ஆயிரக்கணக்கில்.

*

1998. புதன்கிழமை ‘தி இந்து’வோடு வேலைவாய்ப்புப் பக்கங்கள் தனி இணைப்பாக வரும். அதற்காக மட்டும் எங்கள் வீட்டில் புதன்கிழமை ஆங்கிலப் பேப்பர் வாங்குவோம். ‘வாக்-இன்’ என்று போட்டிருந்தது. நான் எம்.சி.ஏ. முடித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. காலை 7 மணிக்கே நகரத்தில் ஒரு பெரிய ஓட்டல் வாசலில் வரிசை தெருமுனை தாண்டிப் போயிருந்தது. எல்லார் கையிலும் பிளாஸ்டிக் ஃபைல், அதில் ஜெராக்ஸ் எடுத்த பயோடேட்டா பத்துக் காப்பி. வரிசையில் நின்றபோது நைனாவின் கேட் ஞாபகம் வந்தது. வாட்ச்மேன் சட்டை மட்டும்தான் மாறியிருந்தது.

முதலில் எழுத்துத் தேர்வு. ரயில் எதிரெதிரே வருகிற கணக்கு, தொட்டியில் தண்ணீர் நிறைகிற கணக்கு. ஆர்.எஸ். அகர்வால் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர்களுக்குச் சிரமமில்லை. தமிழ் மீடியத்தில் படித்த எனக்குக் கணக்கு வந்தது. ஆங்கிலச் சொல்லுக்கு எதிர்ச்சொல் கேட்ட பகுதியில் பாதியைக் குத்துமதிப்பாகத்தான் போட்டேன். வரிசையில் நின்றவர்களில் பெரும்பகுதி மத்தியானத்துக்குள் வீட்டுக்குப் போய்விட்டது.

அடுத்தது டெக்னிகல் ரவுண்டு. கண்ணாடி போட்ட ஒருவர், அவருக்குப் பக்கத்தில் ஒரு பெண்மணி. “சாக் செவன் என்றால் என்ன?” என்று கேட்டார். மெயின்ஃபிரேமில் வேலை செய்தவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே தூக்கம் போய்விடும். எஸ்-0-சி-7 என்பதை அப்படித்தான் கூப்பிடுவார்கள். எண் இருக்க வேண்டிய இடத்தில் எண் அல்லாத ஏதோ கிடக்கிறது, கூட்டச் சொன்னால் மெஷின் கையை விரித்துவிடுகிறது என்று அர்த்தம். எனக்கு விஷயம் தெரியும், வாயில்தான் ஆங்கிலம் வரவில்லை. அந்தப் பெண்மணி என் முகத்தைப் பார்த்துவிட்டு, “தமிழ்லயே சொல்லும்மா” என்றார். “துவரம்பருப்பு டப்பான்னு எழுதியிருக்கு, உள்ள கைய விட்டா புளி இருக்கு” என்றேன். இருவரும் சிரித்தார்கள். அடுத்து இரண்டு கேள்வி ஆங்கிலத்திலேயே கேட்டார்கள். நடுக்கம் போயிருந்ததால் தத்தித் தத்திச் சொல்லிவிட்டேன்.

கடைசியில் எச்.ஆர். “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்.” ஒரு வாரமாகக் கண்ணாடிக்கு முன்னால் நின்று மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். கல்யாணம் எப்போது என்று கேட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனை அதைக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நைனா கேட்டார். “கையில வேல குடுத்துப் பாத்தாங்களா?”

“இல்ல நைனா. பேசச் சொன்னாங்க.”

“பேசவா? பேசறதுக்கா சம்பளம்?”

பத்து நாள் கழித்து ஆர்டர் வந்தது. அதை நைனா ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துத்தான் படித்தார். பழக்கம்.

*

சேர்ந்த பிறகு செய்த வேலையை அவருக்குப் புரியவைக்க ரொம்ப நாள் முயன்றேன். கன்சல்டன்சி என்ற சொல் அவருக்குப் பிடிபடவில்லை. ஒரு நாள் இப்படிச் சொன்னேன்: அமெரிக்காவில் ஒரு பேங்கு இருக்கிறது, அதற்கு ஒரு புரோகிராமைத் திருத்த வேண்டும், அவர்கள் டிராயிங் அனுப்புவார்கள், நாங்கள் செய்து அனுப்புவோம், எத்தனை பேர் எத்தனை மணி நேரம் வேலை செய்தோமோ அதற்குப் பில் போடுவோம். அவர் உடனே, “ஜாப் ஒர்க்குன்னு சொல்லு” என்றார்.

அதற்கு மேல் சரியாக இன்றுவரை யாரும் எனக்கு விளக்கவில்லை. எஸ்டேட்டில் ஆர்டர் இல்லாத ஷெட்டில் ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். எங்களிடம் பிராஜெக்ட் இல்லாதவர்களைப் ‘பெஞ்ச்’சில் உட்காரவைப்பார்கள். எஸ்டேட்டில் பெரிய கம்பெனியின் இன்ஸ்பெக்டர் வந்து பீஸை அளந்து பார்ப்பார். எங்களிடம் வாடிக்கையாளர் போனில் வந்து ஆளையே அளந்து பார்ப்பார். கம்பெனிக்குள் வேலைக்குச் சேர்ந்த பிறகும் ஒவ்வொரு பிராஜெக்டுக்கும் மறுபடி இன்டர்வியூ உண்டு என்பது வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. என்னை எடுத்தது ஒரு இடம், எனக்கு வேலை கொடுத்தது வேறு இடம். நடுவில் நான் பில்லில் ஒரு வரி.

இரண்டு இலக்க வருஷத்தை எப்படித் திருத்தினோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்லா இடத்திலும் நாலு இலக்கமாக்க நேரமில்லை. அதனால் நடுவில் ஒரு கோடு போட்டோம். 50க்குக் கீழே இருந்தால் 2000த்தில் சேர்த்துக்கொள், மேலே இருந்தால் 1900த்தில் சேர்த்துக்கொள் என்று புரோகிராமுக்குச் சொல்லிக்கொடுத்தோம். ஒட்டுப்போட்ட வேலைதான். 1999 டிசம்பர் 31 ராத்திரி ஆபீஸிலேயே இருந்தோம். பெரிய விபரீதம் எதுவும் நடக்கவில்லை. எதுவும் நடக்காதபடி செய்ததுதான் வேலை என்று யாருக்கும் தோன்றவில்லை. அத்தனை செலவும் வீண் என்றவர்களும் உண்டு.

*

2000க்குப் பிறகு தொழில் தெற்கே பழைய மகாபலிபுரம் சாலைக்குப் போனது. கொஞ்சம் மேற்கேயும் வந்தது. எஸ்டேட்டில் அகலமான சாலை, மின்சாரம், பெரிய மனை, பக்கத்தில் ரயில் எல்லாம் ஏற்கெனவே இருந்தன. வாடகையும் நகரத்தைவிடக் குறைவு. எச்.சி.எல். எஸ்டேட்டுக்குள் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டடங்கள் எடுத்தது. டெக் பார்க்குகள் எழுந்தன. மவுன்ட்-பூந்தமல்லி சாலையில் மணப்பாக்கத்தில் டி.எல்.எஃப். வளாகம் வந்ததும் பூந்தமல்லி, போரூர் வீடுகளின் வாடகை ஏறியது. எங்கள் நிறுவனமும் எஸ்டேட்டில் ஒரு கட்டடம் பிடித்து என்னை அங்கே மாற்றியது. ராத்திரி 2 மணிக்கு கேப் பிடிக்க வெளியே வந்தால் எதிர் ஷெட்டில் லேத்து ஓடும் சத்தம் கேட்கும். இரண்டு பக்கமும் ஜாப் ஒர்க்தான். கூலியில் மட்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

ஆள் எடுக்கிற வழக்கமும் மாறியது. எண்பதுகளின் நடுவில் தனியார் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவு திறந்த பிறகு, இந்தப் பக்கம் ஆவடி, சூரப்பட்டு, பூந்தமல்லி என்று சுற்றிலும் கல்லூரிகள் வந்துவிட்டன. இனிமேல் ஓட்டல் வாசலில் வரிசை வேண்டாம். நிறுவனமே கல்லூரிக்குப் போனது. கேம்பஸ். ஒரே நாளில் ஆயிரம் பிள்ளைகளை உட்காரவைத்துத் தேர்வு, அன்று சாயங்காலமே டெக்னிகல், ராத்திரி எச்.ஆர்., விடிவதற்குள் மைக்கில் பெயர் படிப்பார்கள். பெயர் வந்தவர்கள் கத்துவார்கள். வராதவர்கள் போனை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போவார்கள்.

2005இலிருந்து நான் பேனலில் உட்கார்ந்தேன். எங்களிடம் ஒரு தாள் இருக்கும். டெக்னிகலுக்கு 5, கம்யூனிகேஷனுக்கு 5, ஆட்டிட்யூடுக்கு 5. எதிலும் 3க்குக் குறையக் கூடாது. ஒரு ஆளுக்குப் பதினைந்து நிமிஷம். ஒரு நாளைக்கு முப்பது பேர்.

2007இல் ஒரு பையன் வந்தான். பட்டாபிராம் பக்கம், அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம், வீட்டில் முதல் பட்டதாரி. ஒரு சொல்லைக் கொடுத்து, சி மொழியில், லைப்ரரி ஃபங்ஷன் எதையும் தொடாமல் திருப்பி எழுதச் சொன்னேன். முதல் எழுத்தில் ஒரு விரல், கடைசி எழுத்தில் ஒரு விரல். இரண்டையும் மாற்றிக்கொண்டே நடுவுக்கு வர வேண்டும். சொல் முடிகிற இடத்தில் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு பூஜ்யம் இருக்கும். கெட்டிக்காரப் பிள்ளைகளே அதையும் சேர்த்துத் திருப்பிவிட்டு மாட்டிக்கொள்வார்கள். இவன் அதைத் தொடாமல் விட்டு, ஓரத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டியிருந்தான். அடித்தல் திருத்தல் இல்லை. நைனாவின் ஃபோர்மேன் பார்த்திருந்தால் ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, வெளிச்சம் தெரியவில்லை என்றிருப்பார்.

“எக்ஸ்ப்ளெயின் யுவர் லாஜிக்” என்றேன். அவன் தாளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். உதடு அசைந்தது. ஒரு நிமிஷம் பார்த்தேன். மணி ராத்திரி எட்டு, இன்னும் பதினொரு பேர் வெளியே இருந்தார்கள். டெக்னிகல் 5 என்று போட்டேன். கம்யூனிகேஷன் 2 என்று போட்டேன். “தேங்க் யூ” என்றேன். அதை மட்டும் அவன் சரியாகத் திருப்பிச் சொன்னான்.

வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது சொன்னேன். நைனா அப்போது ரிட்டயர் ஆகியிருந்தார்.

“கணக்க சரியா போட்டானா?”

“போட்டான்.”

“அப்பறம் இன்னாத்துக்கு ஊட்டுக்கு அனுப்சே?”

“கஸ்டமர்கிட்ட பேசணும் நைனா.”

“மொத வருஷமே பேச வுட்ருவீங்களா?”

விடமாட்டோம். முதல் இரண்டு வருஷம் எந்தப் புதுப் பிள்ளையையும் வாடிக்கையாளரின் போன் பக்கமே அண்டவிட மாட்டோம். அது எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டு வருஷத்தில் ஆங்கிலம் வந்துவிடும் என்பதும் தெரியும். எனக்கே அப்படித்தான் வந்தது. என்னை எடுத்த அந்தப் பெண்மணி “தமிழ்லயே சொல்லும்மா” என்று சொல்லியிருக்காவிட்டால் நானும் மரத்தடிக்குத்தான் போயிருப்பேன். அது ஒன்பதே வருஷத்தில் எனக்கு மறந்துபோயிருந்தது. அந்த 2ஐ என் கையால்தான் போட்டேன். கம்பெனி போடச் சொல்லவில்லை.

ஆங்கிலம் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காக்காரனோடு ராத்திரி போனில் மல்லுக்கட்டுகிறவளுக்கு அதன் தேவை தெரியும். ஆனால் ‘கம்யூனிகேஷன்’ என்று தலைப்புப் போட்டு நாங்கள் அளந்தது, அப்பாவின் சம்பளத்தையும் ஸ்கூல் பஸ்ஸின் நிறத்தையும்தான். அதற்கு வெர்னியர் கிடையாது. எவ்வளவு குறைந்தது என்று வந்தவனுக்குக் கடைசிவரை தெரியாது. சிபாரிசைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டோம் என்று பெருமைப்பட்டுக்கொண்டோம்; அது வேறு சட்டை போட்டுக்கொண்டு எங்கள் தாளிலேயே உட்கார்ந்திருந்தது.

அடுத்த சீசனிலிருந்து நான் ஒன்று செய்தேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. முதல் கேள்வியைத் தமிழில் கேட்பேன். “காலையில எந்த வண்டிப்பா? உக்கார எடம் கெடச்சுதா?” பிறகு எழுதச் சொல்வேன். எழுதியதைத் தமிழிலேயே விளக்கச் சொல்வேன். அதையே ஆங்கிலத்தில் தெரிந்த அளவு சொல்லச் சொல்வேன். உதடு மட்டும் அசைகிற பிள்ளைகளில் பாதிப் பேர் அந்த மூன்றாவது கட்டத்தில் தட்டுத் தடுமாறியாவது கரை ஏறிவிடுவார்கள். எல்லாரும் ஏறவில்லை. தமிழில் சரளமாகப் பேசி, தாளில் ஒன்றும் எழுதத் தெரியாதவர்களும் வந்தார்கள். அவர்களை வீட்டுக்கு அனுப்பினேன். நான் அப்படி எடுத்த பிள்ளைகளில் சிலர் பிறகு என்னைவிட நல்ல ஆங்கிலத்தில் வாடிக்கையாளரோடு சண்டை போட்டார்கள்.

*

பிறகு வந்தவை எல்லாருக்கும் தெரிந்தவை. 2009 ஜனவரியில் சத்யம் கணக்குமோசடி வெளியே வந்தது. அமெரிக்க மந்தத்தில் ஆள் எடுப்பது சுருங்கியது. 2018இல் டி.சி.எஸ். நாடு முழுதுக்கும் ஒரே ஆன்லைன் தேர்வு என்று கொண்டுவந்தது. 2020இல் கொரோனா வந்து இன்டர்வியூவே திரைக்குள் போனது; பின்னால் யாரோ பதில் சொல்ல முன்னால் வாயசைத்தவர்களையும் பார்த்தேன். இப்போது முதல் சல்லடை மெஷின்தான். அது ஆளின் முகத்தைப் பார்ப்பதில்லை, எழுதிய புரோகிராம் ஓடுகிறதா என்று பார்க்கிறது. அந்த மட்டும் ஃபோர்மேனின் ஜன்னல் வெளிச்சத்துக்குப் பக்கத்தில் வந்திருக்கிறது. ஆனால் கடைசி அறையில் இன்னமும் ஒரு ஆள் ஒரு தாளோடுதான் உட்கார்ந்திருக்கிறார்.

நைனா போய் ஆறு வருஷம் ஆகிறது. அவர் ட்ரேட் டெஸ்டில் ராவிய அந்த இரண்டு துண்டையும் ஃபோர்மேன் அவரிடமே கொடுத்துவிட்டாராம். எங்கள் வீட்டு டி.வி. மேல் இருக்கிறது. துருப்பிடிக்காமல் எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன்.

2024 நவம்பர் 22 அன்று பட்டாபிராமில் புது டைடல் பார்க்கை முதல்வர் ஸ்டாலின் திறந்துவைத்தார். 330 கோடி ரூபாய் செலவு, 21 மாடி. ரயிலில் வரும்போது தூரத்திலிருந்தே தெரிகிறது. அதன் நிழல் விழுகிற தெருக்களிலிருந்து பிள்ளைகள் மேலே ஏறி வருவார்கள். அந்த அறைகளில் கேள்வி கேட்கப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: முதல் கேள்வியைத் தமிழில் கேளுங்கள். தப்பாகப் போனால் உங்களுக்கு ஐந்து நிமிஷம் நஷ்டம், அவ்வளவுதான்.